ஒன்பதாவது பாயின்ட்டில் கிடந்த எலுமிச்சம்பழம்

மண்ணைப் பற்றி ரிப்போர்ட் எழுதுவது என் பிழைப்பு. இதை வீட்டாருக்குப் புரியவைப்பது பெரும்பாடு. கல்யாணமாகி ஐந்து வருடம் வரைக்கும் என் மாமனார் நான் விவசாயத் துறையில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார். ஒருமுறை மாடித் தோட்டத்துக் கத்தரிச் செடிக்கு என்ன உரம் வைக்கலாம் என்று கேட்டார். மாப்பிள்ளை மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள நானும் ஏதோ சொல்லிவைத்தேன். செடி பிழைக்கவில்லை. உண்மையில் நான் செய்வது வேறு. ஒரு தொழிற்சாலையோ பாலமோ சாலையோ வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் துளை போட்டு, கீழே என்ன மண் இருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும், அஸ்திவாரத்தை எத்தனை அடி ஆழத்தில் வைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டடம் நன்றாக நின்றால் பெயர் ஆர்க்கிடெக்ட்டுக்கு. விரிசல் விட்டால் போன் எனக்கு.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள மண்ணில் பாதியையாவது நான் கையில் எடுத்து உருட்டிப் பார்த்திருப்பேன். ரொம்பப் பொல்லாத மண். ஓரிடத்தில் மூன்றடியில் பாறை முட்டும். ஐம்பதடி தள்ளிப் போனால் இருபதடிக்கு வெறும் களிமண். அந்தக் களிமண் மழையில் பொங்கும், வெயிலில் சுருங்கும். அதன் மேல் எழுப்பிய காம்பவுண்டு சுவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை கொஞ்சம் அசைந்து கொடுத்துவிட்டு நிற்கும். வயலும் ஏரியும் வாய்க்காலுமாக இருந்த இடத்தில் கிராவல் மண்ணைக் கொட்டி மேடாக்கி, நம்பர் கொடுத்து, பிளாட் என்று சொல்லிவிட்டார்கள். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே மட்டம். வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் உள் சாலையில் ஒரு வளைவு உண்டு. எத்தனை முறை தார் போட்டாலும் மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் அதே அளவுக்கு உள்வாங்கும். பழைய ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் போன வாய்க்கால் அது. அதற்கும் நான் ஒரு ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். கம்பெனி பஸ் டிரைவர்கள் அதைப் படிக்காமலேயே அங்கே வண்டியை மெதுவாக்குகிறார்கள்.

துளை போடுகிற வேலை, பார்ப்பதற்கு அவ்வளவு விஞ்ஞானமாக இருக்காது. மூன்று கால் நட்ட ஒரு முக்காலி, ஒரு டீசல் இன்ஜின், ஒரு கயிறு, அறுபத்து மூன்றரை கிலோ எடையில் ஓர் இரும்புச் சுத்தியல், நான்கு ஆட்கள். சுத்தியலைத் தூக்கித் தூக்கிப் போட்டு, குழாய் முப்பது சென்டிமீட்டர் இறங்குவதற்கு எத்தனை தடவை விழ வேண்டியிருந்தது என்று எண்ண வேண்டும். அதிகமென்றால் நல்ல மண். குறைவென்றால் கெட்ட மண். கோடி கோடியாகக் கொட்டிக் கட்டுகிற தொழிற்சாலைகள் எல்லாம் யாரோ நான்கு பேர் வெயிலில் நின்று எண்ணிய இந்த எண்ணிக்கையை நம்பித்தான் நிற்கின்றன.

துளை போடுகிற எங்கள் ரிக் ஆட்கள் சேலம் பக்கத்துக்காரர்கள். எப்போதோ ஒரு சைட்டில் கயிறு அறுந்து, ஒருவர் காலில் சுத்தியல் விழுந்துவிட்டது. அதிலிருந்து துளை போட வேண்டிய ஒவ்வொரு பாயின்ட்டிலும் முக்காலியை நட்டதும், எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவி வைத்து, கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் இன்ஜினைத் தொடுவார்கள். ஆபீசில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் எனக்கு அது ரொம்ப வசதி. துளை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள், ஒரு மழை பெய்தால் எங்கே போட்டார்கள் என்றே தெரியாது. எலுமிச்சம்பழம் கிடக்கிற இடம்தான் பாயின்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அப்படித்தான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலை வரப்போகிறது என்று எங்களைக் கூப்பிட்டார்கள். அப்போது அங்கே ஒரு கம்பி வேலி, ஒரு கேட், தகரக் கூரை போட்ட செக்யூரிட்டி அறை, அவ்வளவுதான். உள்ளே முப்பது ஏக்கர் வெட்டவெளி, சீமைக் கருவேல முள், அங்கங்கே தேங்கின தண்ணீர். கேட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நீல யூனிபாரத்தில் இருந்தார். சட்டை அவருடைய அளவுக்குத் தைத்ததல்ல, தோள்பட்டைத் தையல் பாதிக் கைக்கு இறங்கியிருந்தது. தினமும் காலையில் ஒரு ரிஜிஸ்டரை என் முன்னால் நீட்டுவார். பெயர், கம்பெனி, வண்டி நம்பர், யாரைப் பார்க்க, என்ன வேலை, உள்ளே போன நேரம். அந்த முப்பது ஏக்கரில் அவரையும் எங்களையும் விட்டால் ஈ காக்கை கிடையாது. ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று முதல் நாள் கேட்டேன்.

“ப்ராஜெக்ட் மேனேஜர்னு எழுதுங்க சார்.”

“அவர் மெட்ராஸ் ஆபீஸ்ல இல்ல இருக்காரு?”

“இருக்கட்டும் சார். கட்டம் காலியா இருந்தா எங்க செக்யூரிட்டி ஆபீசர் வந்து கத்துவாரு.”

எழுதினேன். பன்னிரண்டு நாளும் இல்லாத மேனேஜரைப் பார்க்கத்தான் உள்ளே போனேன். அவரிடம் நான் பேசியது அவ்வளவுதான். இந்த நிலம் யாருடையது, முன்னால் இங்கே என்ன இருந்தது என்று அவரிடம் கேட்கலாம் என எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் படிப்பில் முதல் பாடமே அதுதான்: துளை போடுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரி. நானும் விசாரித்தேன், ஏசி அறையில் உட்கார்ந்து சாட்டிலைட் படத்திடம். அது முள்ளுக்காட்டைத் தவிர வேறெதையும் காட்டவில்லை.

மொத்தம் பதினான்கு பாயின்ட். ஒன்பதாவது, நிலத்தின் நட்டநடுவில். இரும்புத் தகட்டை ஒரே அடியில் கார் கதவாக வளைக்கிற பெரிய பிரஸ் மெஷினின் அஸ்திவாரம் அங்கேதான் வரப்போகிறது. முந்தின வாரத்து மழையில் சர்வே ஆட்கள் நட்ட முளைக்குச்சியை மாடோ டிராக்டரோ சாய்த்துவிட்டிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. நான் ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு சைட்டில் மாட்டிக்கொண்டு சாயங்காலம்தான் வந்து சேர்ந்தேன். அதற்குள் ஆட்கள் ஒன்பதை முடித்து, சாமானை ஏற்றிக்கொண்டு பத்தாவதற்குப் போய்விட்டார்கள். போனில் ஜி.பி.எஸ். பார்க்கலாம் என்றால் சார்ஜ் இரண்டு சதவீதம். தனியாக நடந்துபோய்த் தேடினேன். வரைபடப்படி ஒன்பது எங்கே இருக்க வேண்டுமோ, ஏறக்குறைய அங்கேயே தரையில் ஓர் எலுமிச்சம்பழம். இரண்டு பாதி, குங்குமம், கரிந்துபோன கற்பூரம். பக்கத்தில் மண்கூடக் கொஞ்சம் கிளறியிருந்தது. சிலேட்டில் ‘9’ என்று எழுதிப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்து, இருந்த இரண்டு சதவீதத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ரிப்போர்ட் எழுபது பக்கம், ஸ்பைரல் பைண்டிங். ஒன்பதாவது பாயின்ட்டில் ஐந்தடிக்குக் கீழே கெட்டிச் சரளை, பத்தடியில் சிதைந்த பாறை. பிரஸ் மெஷினை வைக்க அந்த முப்பது ஏக்கரிலேயே இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்கிற தோரணையில் நான்கு வரி எழுதியிருந்தேன். பின்னிணைப்பில் போட்டோவையும் சேர்த்தேன். அதில் சிலேட்டும் எலுமிச்சம்பழத்தின் ஒரு பாதியும் நன்றாகவே விழுந்திருந்தன.

எட்டு மாதம் கழித்து, அஸ்திவாரக் குழியைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் மண் இன்ஜினீயர் குழியில் இறங்கி, அடிமண்ணைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. போனேன். இப்போது மேனேஜர் நிஜமாகவே உள்ளே ஒரு கன்டெய்னர் அறையில் இருந்தார். கேட்டில் அதே ஆள், அதே நீலச் சட்டை, அதே ரிஜிஸ்டர். புதிதாக ஒரு கேமரா மட்டும் மாட்டியிருந்தார்கள்.

பிரஸ் மெஷின் குழி ஆறடி ஆழம். இறங்கி நின்றேன். சுற்றிலும் செம்மண் கலந்த சரளை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, புத்தகத்தில் இருக்காது. பூட்ஸ் குதிகாலால் அடிமண்ணை ஓங்கி மிதித்துப் பார்ப்போம். டொக்கென்று சத்தம் வந்தால் மண் கெட்டி. நான்கு இடத்தில் மிதித்தேன், வந்தது. கிழக்கு மூலையில் மிதித்தபோது சத்தம் வரவில்லை, குதிகால் கொஞ்சம் அமுங்கியது. பொக்லைன் டிரைவர் மேலிருந்து, “சார், அந்த மூலை வெட்டும்போதே பொதபொதன்னுதான் வந்துச்சு” என்றார். முந்தின நாள் மழை பெய்திருந்தது, தண்ணீர் ஊறியிருக்கும் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். ரிப்போர்ட் எழுதினவனே சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? மேலே ஏறி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

அப்போது கேட்டிலிருந்து அந்த செக்யூரிட்டி ஓடிவந்தார். செக்யூரிட்டி வேலையில் இருப்பவர்கள் ஓடி நான் பார்த்ததே இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி வந்து, மூச்சு வாங்க நின்றார்.

“சார், இங்கயா மெஷினு வெக்கப்போறீங்க?”

“ஆமா.”

“வேணாம் சார். அது எங்க கெணறு.”

எந்தக் கிணறு என்றேன். குழியின் கிழக்கு மூலையில் தொடங்கி வெளியே வரைக்கும் கையால் ஒரு சதுரம் போட்டுக் காட்டினார்.

“இருவது அடிக்கு இருவது அடி சார். நாப்பது அடி ஆழம். நெலம் கம்பெனிக்குப் போனப்ப நாந்தான் நின்னு மூடுனேன். அடியில செவுத்துக் கல்லு. அதும்மேல ரெண்டு தென்ன மரம். அப்பறம் பம்ப்செட்டு ரூம்ப இடிச்சி தகரத்தோட உள்ள தள்னோம். மேல எட்டடிக்கி கிராவலு. அவசரத்துல தள்ளிக்கினே வந்தோம் சார், சரியா கூட தூர்க்கல. உள்ள இன்னும் சந்து சந்தா காலியாத்தான் கீது.”

அடியிலிருந்து மேலே வரை எந்த ஆழத்தில் என்ன என்று ஒரு முழு ரிப்போர்ட்டையே மூச்சிரைக்கச் சொல்லி முடித்துவிட்டார். என் எழுபது பக்கத்தில் அதில் ஒரு வரி கிடையாது. நியாயமாக எனக்கு நன்றி பொங்கியிருக்க வேண்டும். வந்தது கோபம்தான்.

“இத ஏன் அப்பவே சொல்லல? நாங்க பன்னெண்டு நாளு இங்கனதான இருந்தோம்?”

“யாரும் கேக்கல சார். உங்க ஆளுங்க கெணத்து மேல வெக்காம, அந்தாண்ட வரப்பு மேல மெஷின நட்டாங்க. கெணறு தெரிஞ்சிதான் தள்ளி வெக்கிறாங்கன்னு நெனச்சிகினேன். படிச்சவங்க, கையில மேப்பு வெச்சிகினு கீறீங்க.”

“வரப்பு மேலயா? எலுமிச்சம்பழம் இங்கதான கெடந்துச்சு?”

அவர் முகம் மாறியது. அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அது நான் வெச்சது சார். கெணத்தாண்ட கன்னிமாருக்கு ஏழு கல்லு நட்டிருந்தோம். கல்ல எடுத்தும்போயி ஊருக்குள்ள வேப்பமரத்தாண்ட வெச்சிட்டோம். ஆனா அவங்க எடம் இதுதான சார். வெள்ளிக்கெழமயில ஒரு பழம் அறுத்து வெச்சிட்டுப் போவேன். எங்க ஆபீசர்கிட்ட சொல்லிடாதீங்க சார், ட்யூட்டில கேட்ட உட்டு வந்தேன்னு எழுதிடுவாரு. நெலம் குடுத்ததுக்கு இந்த வேல ஒண்ணுதான் கெடச்சிது. இந்த வயசுல மெஷின் லைன்ல வேலைக்கெல்லாம் எடுக்க மாட்டாங்க.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை மட்டும் நான் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினேன்.

அவர் திரும்பி ஓடினார். கேட்டுக்கு வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் ரிக் ஆட்களின் மேஸ்திரியான சேலத்துக்காரருக்குப் போன் போட்டேன்.

“ஒன்பதாவது பாயின்ட் எங்கய்யா போட்டீங்க?”

“அங்கதானுங்க சார். கொஞ்சம் தள்ளி. டிராக்டரு சேத்துல எறங்க மாட்டேன்னுடுச்சுங்க, அதான் வரப்பு மேட்டுல நட்டுட்டோம்.”

“எவ்வளவு தள்ளி?”

“கொஞ்சந்தானுங்க.”

ரிக் ஆட்களின் ‘கொஞ்சம்’ எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பிறகு டேப் வைத்து அளந்தேன். எழுபத்திரண்டு அடி.

பேனாவை மூடிக்கொண்டு மேனேஜரின் கன்டெய்னருக்குப் போனேன். கிழக்கு மூலையில் மிதித்தபோது ஒரு சந்தேகம் வந்தது, கான்கிரீட்டை நிறுத்துங்கள், ஆழமாகக் குத்திப் பார்க்க வேண்டும் என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. மிதித்தேன், அமுங்கியது, சந்தேகமும் வந்தது. நடுவில் ஒரு மனிதர் ஓடிவந்ததை மட்டும் விட்டுவிட்டேன். மறுநாள் கூம்பு முனை வைத்த கம்பியைக் கொண்டுவந்து அந்த மூலையில் இறக்கினோம். களியில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது. அப்புறம் எதிலோ முட்டியது, செங்கல். அதைத் தாண்டியதும் யாரும் அடிக்காமலே கம்பி தானாக ஓரடி உள்ளே போனது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார்கள்.

மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கால்ல மிதிச்சே கண்டுபிடிச்சிட்டீங்களே சார்! எப்படி?” அப்போது சொல்லியிருக்கலாம். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். “எக்ஸ்பீரியன்ஸ் சார்” என்று வந்தது.

கிணற்றைத் தோண்ட நான்கு நாள் ஆனது. முதலில் கிராவல். பிறகு செங்கல், நசுங்கின தகரம், மோட்டார் நிறுத்தின மேடை போல்ட்டோடு. அதன் கீழே இரண்டு தென்னை மரம், கறுத்துப்போய். எல்லாவற்றுக்கும் அடியில் சுவர்க் கல். அவர் சொன்ன வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை. கரையில் நின்று நோட்டில் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். விடைத்தாளைத் திருத்துகிறவன் மாதிரி இருந்தது, விடை எழுதியவரின் பெயர் மட்டும் எனக்குத் தெரியாது. பிறகு குழி முழுக்க மலிவுக் கலவைக் கான்கிரீட்டைக் கொட்டி நிரப்பினார்கள். பிரஸ் மெஷின் இன்று அதன் மேல்தான் ஓடுகிறது, ஒரு நூல்கூட இறங்கவில்லை.

தோண்டின மூன்றாம் நாள் கேட்டில் வேறு ஆள் இருந்தார். முன்னால் இருந்தவர் எங்கே என்று கேட்டேன்.

“தூக்கிட்டாங்க சார். பதினோரு நிமிசம் கேட்ல ஆளில்ல, கேமரால கீது. அந்த நேரம் பார்த்து சிமென்ட்டு லாரி ஒண்ணு என்ட்ரி போடாம உள்ள பூந்துட்சி. ஆபீசர் கேட்டதுக்கு, இன்ஜினீயராண்ட கெணறு கீதுன்னு சொல்லப் போனேன்னு சொல்லிகீறாரு. ஆபீசர் மேனேஜர் ரூம்ல விசாரிச்சா, அது இன்ஜினீயரே மிதிச்சி கண்டுபுடிச்சாருன்னு சொல்லிட்டாங்க. தப்பும் பண்ணிட்டு பொய் வேற சொல்றியான்னு சட்டைய கழட்டி வாங்கிட்டாங்க.”

அவர் இதை ஊர்க்கதை சொல்வது போலத்தான் சொன்னார். அந்த இன்ஜினீயர் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

அன்றைக்கே மேனேஜருக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். ‘மேற்படி கிணறு இருப்பதை என் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் கேட்டில் பணியில் இருந்தவர்’ என்று முதல் வரி சுலபமாக வந்தது. அடுத்த வரியில் மாட்டிக்கொண்டேன். அப்படியென்றால் உங்கள் ஒன்பதாவது பாயின்ட் என்ன பார்த்தது என்று கேட்பார். அது எழுபத்திரண்டு அடி தள்ளி இருந்தது என்று சொல்ல வேண்டும். எப்படித் தெரியாமல் போனது என்பார். எலுமிச்சம்பழத்தைச் சொல்ல வேண்டும். பிறகு மீதிப் பதின்மூன்று பாயின்ட்டையும் யார் நம்புவார்கள், என் கையெழுத்தை யார் நம்புவார்கள்? எழுதினேன், அழித்தேன், எழுதினேன். திங்கட்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை முடிவு செய்தேன். திங்கட்கிழமை, மேனேஜர் பிசியாக இருப்பார் என்று முடிவு செய்தேன். அந்த மெயில் இன்னும் டிராஃப்ட்டில் இருக்கிறது. ஒரு மனிதருடைய சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு நான் இலக்கணப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் பைக்கை எடுத்துக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்புக்குப் போனேன். வேப்பமரம் இருந்தது. அடியில் ஏழு கல், மஞ்சள் பூசி வரிசையாக. பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், “யாரப் பார்க்கணும் சார்?” என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் பெயர் என்ன? பன்னிரண்டு நாளும் அதற்கு மேலும் என் பெயரை அவருடைய ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறேன், அவர் பெயரை ஒரு தரமும் கேட்டதில்லை. கிணற்றுக்காரர், செக்யூரிட்டி, வேலை போனவர் என்று அடையாளம் சொல்லியிருந்தால் அவர் கூட்டிக்கொண்டு போயிருப்பார். வழி தப்பிவிட்டேன், பிள்ளைப்பாக்கம் எப்படிப் போக வேண்டும் என்று கேட்டேன். பிள்ளைப்பாக்கத்தில்தான் ஆறு வருடமாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். அவர் பொறுமையாக வழி சொன்னார்.

அந்த வருடம் எங்கள் ஆபீஸ் ஆண்டு விழாவில் எனக்குக் கண்ணாடி ஷீல்டு ஒன்று கொடுத்தார்கள். கூர்மையான கவனிப்புக்காகவாம். அதை என் மனைவி ஷோகேஸில், மகள் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் வாங்கின கப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மகளுடையதாவது அவளே ஓடி வாங்கியது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இந்தக் கிணற்றைப் பற்றி ஸ்லைடு போட்டுப் பாடமும் எடுக்கச் சொன்னார்கள். ‘முதலில் உள்ளூர்க்காரர்களிடம் விசாரியுங்கள்’ என்பது நான் போடும் மூன்றாவது ஸ்லைடு. ஒரு பெண் கையைத் தூக்கி, போட்டோவில் அந்த எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்டாள். லோக்கல் பழக்கம் என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

சென்ற மாதம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் விரிவாக்கத்துக்கு இடம் பார்க்கப் போனேன். முதல் கேட்டில் பழுப்பு யூனிபாரம் போட்ட ஒருவர் ரிஜிஸ்டரை நீட்டினார். நிமிர்ந்து பார்த்தால், அவர். சட்டை இந்த முறை அளவாக இருந்தது. என்னை அவருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

“நல்லா இருக்கீங்களாண்ணே?”

“கீறேன் சார். பேரு எழுதுங்க.”

எழுதினேன். பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி நின்றது. அதற்கு மேல் தள்ளிப்போட்டால் என்னால் வாழ்நாளில் சொல்ல முடியாது என்று தோன்றியது.

“அன்னிக்கு மேனேஜர்ட்ட நீங்கதான் சொன்னீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என் மேலதான்.”

“தெரியும் சார்.” லாரி டிரைவரைக் கையால் பொறுக்கச் சொன்னார். “நாலு மாசம் வூட்ல குந்திகினு இருந்தேன். சார் போன் பண்ணுவாரு, இல்லாங்காட்டி ஆளு அனுப்புவாருன்னு எம் பொண்டாட்டியாண்ட சொல்லிகினே இருந்தேன். உங்களுக்கு எம் பேரு கூடத் தெரியாதுன்னு அவதான் சொன்னா.”

அவருடைய சட்டைப் பையின் மேல் பெயர் எழுதின பிளாஸ்டிக் பட்டை குத்தியிருந்தது. அந்த நீலச் சட்டையிலும் இருந்திருக்க வேண்டும். படித்தேன். இரண்டு தடவை படித்தேன். பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“இந்த எடத்துல முன்னால கெணறு ஏதும் இருந்துச்சாண்ணே?”

“எனக்குத் தெரியாது சார், இது எங்க ஊரு நெலம் இல்ல. இந்த நெலத்துக்காரரு மூணாவது கேட்ல ட்யூட்டி பார்க்கறாரு. அவருக்கு எல்லாம் அத்துப்படி.”

“அவர கொஞ்சம் இங்க வரச் சொல்ல முடியுமா?”

“வர மாட்டாரு சார். இன்னா ஆனாலும் கேட்ட உட்டு நவுராதன்னு நாந்தான் சொல்லி வெச்சிகீறேன்.”

பேனா என் கையில்தான் இருந்தது. ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது. ‘மூன்றாவது கேட் செக்யூரிட்டி’ என்று எழுதினேன். அதை எழுதும்போது மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, படித்து, நான் எழுதியதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். பக்கத்தில் ‘ப்ராஜெக்ட் மேனேஜர்’ என்று அவரே எழுதினார்.

“கேட்ல கீறவனப் பார்க்க யாரும் வர்றதில்ல சார். ஆபீசர் கண்ல பட்டா இன்னா விஷயம்னு நோண்டுவாரு.” விசிட்டர் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். “அவரு வேலைக்கும் ஒல வெச்சிடாதீங்க.”